ஒலியை நிறுத்தினால் பகை தெரியவில்லை: ஓரகத்திகள் இருவர் கதைக்கு உடையும் உடல்மொழியும்

லயத்து வாசல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து இருபத்தைந்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவிய காலத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்து, தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரே வீட்டுக்குக் குடிவந்த ஓரகத்திகள் இருவரைப் பற்றிய கதை அது. மாமியார் கண்ணை மூடிய பின், அவர் இடுப்பில் இருந்த சாவிக்கொத்து மூத்தவளிடம் போகிறது. இளையவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. படம் முழுவதும் அந்தச் சாவிக்கொத்தைச் சுற்றித்தான் நகர்கிறது.

சென்ற வாரம் முதல் தொகுப்பை உறவினர்கள் சிலருக்குப் போட்டுக் காட்டினோம். தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் ஒலிபெருக்கி நின்றுவிட்டது. பழுது பார்க்க நேரமில்லாததால் படத்தை அப்படியே ஓடவிட்டோம். முடிந்ததும் ஒரு பெரியம்மா, "அக்காள் தங்கை இரண்டு பேரும் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறார்கள்!" என்று மனமார வாழ்த்தினார். எங்கள் ஆறு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. நாங்கள் காட்டியதாக நினைத்த பகை முழுவதும் வசனத்தில் மட்டுமே இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

உடையைப் பற்றி நாங்கள் சிந்திக்காமல் இல்லை. மூத்தவளுக்கு அரக்குச் சிவப்பு, இளையவளுக்கு வெளிர் நீலம் என்று பிரித்துத்தான் கொடுத்தோம். அது இருவேறு குணங்களைக் காட்டியதே ஒழிய, ஒருவர் மீது ஒருவருக்கு இருக்கும் காய்ச்சலைக் காட்டவில்லை. நடிப்பில் சற்று அழுத்தம் கூட்டச் சொன்னால், இருவரும் கண்களை விரித்து, உதட்டைச் சுழித்து, சின்னத்திரைத் தொடர்களில் பார்த்ததை அப்படியே செய்கிறார்கள். அதுவும் எங்களுக்கு வேண்டாம். வசனத்தை நம்பாமல், உடம்பாலும் உடையாலும் போட்டியைக் காட்டும் கலை எப்படி இயங்குகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், அடுத்த மாதம் மீண்டும் எடுக்கவிருக்கும் நான்கு காட்சிகளுக்கு உதவியாக இருக்கும்.

உதவி இயக்குநர் (முன்னாள்)

கோலாலம்பூரில் தொலைக்காட்சி நாடகக் குழுக்களில் சில ஆண்டுகள் கிளாப் அடித்தும், நடிகர்களுக்குக் குடை பிடித்தும், பிறகு காட்சி ஒழுங்கு எழுதியும் பிழைத்தவன் நான். உங்கள் பெரியம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். ஒலியை நிறுத்திப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனையை எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் நான் கண்டதில்லை.

முதலில் தொடர்களின் பக்கம் நின்று ஒரு சொல். அவற்றில் கண்கள் விரிவதும், முகம் மூன்று முறை அருகே வந்து வந்து போவதும், வில்லிக்குப் பெரிய பொட்டும் அடர்ந்த நகையும் மாட்டிவிடுவதும் அறியாமையால் நடப்பவை அல்ல. நாள்தோறும் ஒளிபரப்பாக வேண்டிய கதையை விரைவாக எடுக்க முகத்தை அண்மையில் வைப்பதே எளிய வழி. பார்ப்பவரும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அரைக் கண்ணால் பார்ப்பவர். சட்டென்று தலையைத் தூக்கியதும் யார் நல்லவள், யார் கெட்டவள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆகவே அங்கே உடை பெயர்ப் பலகையின் வேலையைச் செய்கிறது. உங்கள் படத்தை இருட்டு மண்டபத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பெயர்ப் பலகை தேவையில்லை.

இப்போது உடல்மொழி. போட்டி என்பது ஒருவரின் முகத்தில் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். என் அனுபவத்தில் அது இருவருக்கும் நடுவே கிடக்கும் இடத்தில்தான் இருக்கிறது. யார் நகர்ந்து வழி விடுகிறார், யார் விடுவதில்லை. யார் முதலில் உட்காருகிறார், யார் நிற்க வைக்கப்படுகிறார். ஒருவர் பேசும்போது மற்றவர் கையில் இருக்கும் வேலையை நிறுத்துகிறாரா, தொடர்கிறாரா என்பவைதாம் கண்ணுக்குத் தெரியும் பகை. நம் எல்லோருக்கும் மனப்பாடமான ஒன்றைச் சொல்கிறேன். 1999-இல் வந்த படையப்பாவில் நீலாம்பரி கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்க, வந்த படையப்பாவுக்கு நாற்காலி இல்லை. அவர் தோளில் கிடந்த துண்டை வீசி, மேலே தூக்கிக் கட்டியிருந்த ஊஞ்சலை இழுத்து இறக்கி உட்கார்ந்துவிடுகிறார். அந்தக் காட்சியின் ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். ஓர் இருக்கை மறுக்கப்பட்டது, ஓர் இருக்கை எடுத்துக்கொள்ளப்பட்டது என்னும் இரண்டு செயல்களில் முழுப் போரும் முடிந்துவிடுகிறது. துண்டு அங்கே உடையாகவும் இருக்கிறது, கருவியாகவும் இருக்கிறது. ரம்யா கிருஷ்ணன் அந்தக் காட்சியில் அசைவதே குறைவு என்பதையும் கவனியுங்கள். தன் வீட்டில் தான் ஏன் அசைய வேண்டும் என்பதுதானே அந்தப் பாத்திரத்தின் எண்ணம்!

உங்கள் கதைக்கு இதைக் கொண்டுவந்தால், அடுப்படிதான் களம். தாமான் வீட்டு அடுப்படியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நின்று வேலை செய்வது கடினம். மூத்தவள் சிங்க்கின் முன்னால் நிற்கிறாள். இளையவள் கையில் அரிசி கழுவிய பானை இருக்கிறது. மூத்தவள் அரை அடி நகர்ந்தால் போதும், ஆனால் நகரவில்லை. இளையவள் கேட்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. பானையிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் விழுகிறது. இதை எட்டு வினாடி வெட்டாமல் விட்டுவிடுங்கள். நடிகைகளிடம் "கோபப்படுங்கள்" என்று சொல்லவே கூடாது. "நீங்கள் நகரக்கூடாது, நீங்கள் கேட்கக்கூடாது" என்று ஆளுக்கொரு கட்டளை கொடுத்தால் போதும், முகம் தன்னால் வந்துவிடும்.

பாதங்களையும் மறக்க வேண்டாம். முகமும் மார்பும் எதிராளியின் பக்கம் திரும்பியிருக்க, பாதம் மட்டும் வாசலை நோக்கி இருந்தால், அங்கே நிற்க விருப்பமில்லை என்பது காண்பவருக்குப் புரியும். ஏன் புரிந்தது என்று அவருக்கே தெரியாது. பார்வையிலும் அப்படித்தான். பகையுள்ளவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருப்பது மேடையில்தான். வீட்டில், மற்றவர் பார்க்காத நேரத்தில் பார்ப்பார்கள், பார்க்கும்போது கண்ணை எடுத்துக்கொள்வார்கள். இளையவளின் பார்வை மூத்தவளின் முகத்துக்குப் போகாமல் இடுப்புக்குப் போகட்டும்.

கேமரா பற்றி ஒன்றே ஒன்று. தொடக்கத்தில் இருவரையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்து எடுங்கள். பகை முற்ற முற்றத் தனித்தனிச் சட்டகமாகப் பிரியுங்கள். இருவருக்கும் இடையே ஒரு கற்பனைக் கோடு இழுத்து, கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோலத் தோன்றி, எதிரெதிரே நிற்கும் உணர்வே போய்விடும்.

ஊசிநூல்

தம்பி, நான் முப்பது ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தின் முன்னால் இருப்பவள். கோயில் திருவிழா நாடகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிக் கலைவிழாக்களுக்கும் தைத்துக் கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன். நீங்கள் நிறத்தைப் பிரித்தீர்கள், கட்டும் விதத்தைப் பிரிக்கவில்லை. சேலையின் பேச்சு அதன் கட்டில்தான் இருக்கிறது.

முந்தானையைத் தளர விட்டுத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருப்பவள், அந்த வீட்டில் தன்னை யாரும் வேலை வாங்க முடியாது என்று சொல்லாமல் சொல்கிறாள். மடிப்பு மடிப்பாக அடுக்கி ஊக்குக் குத்தியிருப்பவள் யாரோ தன்னைப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பவள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியவள் வேலைக்கோ சண்டைக்கோ ஆயத்தமாகிவிட்டாள். எதற்கென்பது அடுத்த நொடியில் தெரியும். ஆண்களுக்கும் இது உண்டு. மடித்துக் கட்டிய வேட்டியையோ கைலியையோ பெரியவரைக் கண்டதும் அவிழ்த்து விடுவது மரியாதை. கண்ட பிறகும் அவிழ்க்காமல் நிற்பது என்னவென்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு வருவதும் அப்படித்தான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இருவருக்கும் ஒரே சேலையைக் கொடுப்பேன். மருமகள்களுக்குள் மனத்தாங்கல் வரக்கூடாது என்று தீபாவளிக்கு ஒரே கடையில், ஒரே நிறத்தில், ஒரே கரையோடு இரண்டு எடுத்துக்கொடுக்கும் மாமியார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மனத்தாங்கல் அந்தச் சேலையிலிருந்துதான் தொடங்கும் என்பது வேறு கதை. ஒரே துணி இரண்டு உடம்பில் இரண்டு விதமாகப் பேசும்போது, காண்பவர் இருவரையும் தன்னையறியாமல் ஒப்பிடத் தொடங்குவார். போட்டி என்பதே ஒப்பிடுவதுதானே. ரவிக்கையில் வேறுபாடு காட்டலாம். மூத்தவளுக்கு முழங்கை வரை நீண்டு, பலமுறை துவைத்துத் தளர்ந்தது. இளையவளுக்கு இறுக்கமாகப் பிடித்துத் தைத்தது. அந்த இறுக்கத்தால் அவள் கையைத் தூக்கும்போதெல்லாம் சிறிது தடைபடும். அந்தத் தடையே நடிப்பாகிவிடும். வேண்டுமானால் ரவிக்கை இரண்டையும் நானே தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம். படம் முடிந்ததும் பெயர் போடுங்கள்.

நடைமுறையில் மூன்று எச்சரிக்கைகள். செம்பனைக் காட்டுக்குள் எடுக்கும் காட்சிக்குப் பச்சை எடுக்காதீர்கள், ஆள் இலையோடு கலந்துவிடுவார். நெருக்கமான மெல்லிய கோடுகள் போட்ட துணி திரையில் நெளிந்து கண்ணை உறுத்தும். பளீரென்ற வெள்ளையும் ஆகாது, வெயிலில் துணியின் மடிப்புகளே தெரியாமல் வெறும் ஒளியாகிவிடும். கணவர்மார் அணியும் வெள்ளை வேட்டியைப் பால் சேர்க்காத தே ஓவில் கால் மணி நேரம் ஊறவைத்து, அலசி, நிழலில் காயவையுங்கள். கண்ணுக்கு வெள்ளையாகவே இருக்கும், கேமராவுக்கு அடங்கும். சர்க்கரை போட்ட தே ஓ வேண்டாம். ஒருமுறை அவசரத்துக்குக் கடையில் வாங்கி ஊற்றி, எறும்பு மொய்த்த வேட்டியோடு ஒருவர் அரிச்சந்திரனாக நடித்து முடித்தார்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

நல்ல விவாதம். அம்மையார் சொன்ன ஒரே சேலை என்னும் யோசனை இரண்டாயிரம் ஆண்டு பழமையானது என்றால் அவரே வியப்பார்.

நம் முன்னோர் போரை மலரால் பிரித்தார்கள். ஆநிரையை, அதாவது பசுக்கூட்டத்தை, கவர்வோர் வெட்சி சூடினர். மீட்போர் கரந்தை சூடினர். மதிலை முற்றுகையிட்டவன் தலையில் உழிஞை, உள்ளிருந்து காப்பவன் தலையில் நொச்சி. தலையைப் பார்த்தாலே யார் எந்தப் பக்கம், என்ன நோக்கம் என்று தெரிந்துவிடும். ஆனால் இரு படையும் வெட்டவெளியில் நேருக்கு நேர் மோதும்போது இரு தரப்பும் சூடுவது ஒரே மலரை, தும்பையை. நோக்கம் வேறானால் பூ வேறு. நோக்கம் ஒன்றானால் பூவும் ஒன்று. உங்கள் ஓரகத்திகள் இருவருக்கும் வேண்டியது ஒரே சாவிக்கொத்துதானே?

புறநானூற்றின் 45-ஆம் பாடலில் கோவூர் கிழார் இதைவிடக் கூர்மையான ஒன்றைச் செய்கிறார். சோழன் நலங்கிள்ளி, சோழன் நெடுங்கிள்ளி இருந்த உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான். புலவர் நடுவே நின்று, உன்னோடு போரிடுபவன் சேரனின் பனந்தோடு அணிந்தவனும் அல்லன், பாண்டியனின் வேம்பு அணிந்தவனும் அல்லன், உன் கண்ணியும் (தலையில் சூடும் மாலையும்) ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்கிறார். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்பதை உடையைச் சுட்டிக்காட்டியே உணர்த்திவிடுகிறார். உறவுக்குள் நடக்கும் போட்டிக்கு வெவ்வேறு நிறம் கொடுப்பது, என் எண்ணத்தில், அதன் வலியைக் குறைத்துவிடும்.

முன்னாள் உதவி இயக்குநர் அவர்களிடம் ஒரு சிறு மாறுபாடு உண்டு. பெயர்ப் பலகை உடையைச் சற்று இளப்பமாகப் பேசிவிட்டாரோ என்று தோன்றுகிறது. தெருக்கூத்தில் துரியோதனன் கிரீடமும் புஜகீர்த்தி என்னும் தோளணியும் கட்டிக்கொண்டு, கிறுகிறுவெனச் சுழன்று வருவது கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவனுக்கும் அவன் பெருமிதம் எட்ட வேண்டும் என்பதற்காக. கேரளத்துக் கதகளியிலும் உயர்ந்தோருக்குப் பச்சை முகம், செருக்குடைய வீரனுக்குக் 'கத்தி' வேடம் என்று வகுத்திருக்கிறார்கள். தொலைவு கூடினால் குறி பெரிதாக வேண்டும். கேமரா அருகே வந்தால் குறி சிறிதாகலாம். தரத்தில் அங்கே ஏற்றத்தாழ்வு ஏதுமில்லை.

நிறமே இல்லாத காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 1958-இல் ஜெமினி ஸ்டுடியோவின் வஞ்சிக்கோட்டை வாலிபன் வந்தபோது படம் கறுப்பு வெள்ளை. பத்மினியும் வைஜயந்திமாலாவும் எதிரெதிரே ஆடும் காட்சியில் நிறத்தின் துணையில்லாமல், ஒருவர் ஆடி நிறுத்திய இடத்திலிருந்து மற்றவர் எடுத்துக்கொள்ளும் விதத்திலேயே போட்டி ஏறிக்கொண்டு போகிறது. பி. எஸ். வீரப்பா "சபாஷ், சரியான போட்டி!" என்று சொன்னது இன்றும் பழமொழிபோல் புழங்குகிறது. வேடிக்கை பார்க்கும் ஒருவர் இருந்தால் போட்டிக்குச் சூடு கூடும் என்பதற்கும் அதுவே சான்று. உங்கள் படத்தில் அந்த மூன்றாவது ஆள் யார்?

உடல்மொழிக்குத் தொல்காப்பியர் வைத்த பெயர் மெய்ப்பாடு. மனத்தில் உள்ளது மெய்யில் படுவது. எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளியை, அதாவது கோபத்தை, மட்டும் வைத்துக்கொண்டு பகையைக் காட்ட நினைப்பதுதான் பலர் செய்யும் பிழை. மூத்தவளுக்குப் பெருமிதம், இளையவளுக்கு இளிவரல் என்று கொடுத்துப் பாருங்கள். தான் தாழ்ந்துவிட்டோம் என்னும் கூச்சம் தோளிலும் கழுத்திலும் தெரியும். கோபத்தைவிட அது ஆழமாகப் பாயும்.

ஒரு நினைவு. என் சிறு வயதில் எங்கள் தோட்டத்தில் தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். விடியற்காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கூடும் இடத்தில்) இருவரும் ஒரே மாதிரிப் பழைய கோட்டு அணிந்து, கறுப்புக் குடையோடு, நான்கடி இடைவெளியில் நிற்பார்கள். ஒருவர் குடையைத் தரையில் ஊன்றினால், மற்றவர் அந்தப் பக்கம் திரும்பாமலேயே தன் குடையையும் ஊன்றுவார். ஒருவர் அதைக் கைக்கு மாற்றினால் இவரும் மாற்றுவார். பிள்ளைகள் நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். பகைவர்கள் தம்மையறியாமல் ஒருவரை ஒருவர் படியெடுக்கிறார்கள் என்பதை நான் அங்கேதான் கற்றேன். வகுப்பறையில் மெய்ப்பாட்டியல் நடத்தும்போதெல்லாம் அந்தக் குடைகள்தாம் முதலில் நினைவுக்கு வரும்.

லயத்து வாசல்

ஐயா, அக்கா, அண்ணன் மூவருக்கும் நன்றி. மூன்றாவது ஆள் யார் என்று ஐயா கேட்டது இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மூத்தவளின் பத்து வயது மகளை அடுப்படி வாசலில் பள்ளிச் சீருடையோடு நிற்க வைத்திருக்கிறோம். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள், எதுவும் சொல்வதில்லை.

சிங்க் காட்சியைக் கைப்பேசியிலேயே ஒத்திகையாக எடுத்துப் பார்த்தோம். எட்டு வினாடி நீளமாகத் தோன்றும் என்று பயந்தோம். பதினோரு வினாடி ஓடியும் யாரும் அசையவில்லை. மயில்கழுத்து நிறத்தில் ஒரே மாதிரி இரண்டு சேலைகள் கிடைத்தன. மூத்தவள் சாவிக்கொத்தை இடப்பக்க இடுப்பில் செருகியிருக்கிறாள். ஒத்திகையின்போது இளையவளாக நடிப்பவர், யாரும் சொல்லாமலேயே, முந்தானையைக் கொண்டுவந்து தன் இடப்பக்க இடுப்பில் செருகி, அந்த இடத்தை ஒருமுறை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். அங்கே ஒன்றும் இல்லை. ஐயாவின் குடைகள் உடனே நினைவுக்கு வந்தன. ஒலியில்லாமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். "சின்னவளுக்கு அந்தச் சாவியின் மேல் கண்" என்றார்.

ஆனால் அவருடைய கணவர் கேட்டது வேறு. "இரண்டு சேலை வாங்கப் பணம் இல்லையா, ஒன்றையே இருவருக்கும் மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறீர்களே?" இதற்கு என்ன செய்வது?

ஊசிநூல்

மாமியார் உயிரோடு இருக்கும்போது ஒரு காட்சி வையுங்கள், தம்பி. கடைப் பையிலிருந்து இரண்டு சேலையையும் எடுத்து, இரண்டு கையிலும் ஒன்றாக நீட்டட்டும். மூத்தவள் உடனே வாங்கிக்கொள்ளட்டும். இளையவள் வாங்குவதற்கு முன் மற்றதன் கரையை ஒரு பார்வை பார்க்கட்டும்.

உதவி இயக்குநர் (முன்னாள்)

அக்கா சொன்னதை அப்படியே எடுங்கள், வசனம் வேண்டாம். ஒன்று மட்டும் கவனம். ஊக்கு எந்தத் தோளில், எத்தனை மடிப்பு, சாவி எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு முறை எடுத்து முடித்ததும் புகைப்படம் பிடித்து வையுங்கள். மூத்தவளின் சாவி அடுத்த ஷாட்டில் வலப்பக்கம் போய்விட்டால், இளையவள் அழுத்திப் பார்த்த அந்த இடம் யாருக்கும் புரியாது.